விபத்து வழக்குக் கடிதம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வலது பக்கம் திரும்பிய ஒரு கார், மோட்டார்சைக்கிளில் வந்த என் மச்சானை இடித்துவிட்டது. கால் எலும்பு முறிந்து நீண்ட நாள் எம்சியில் (மருத்துவ விடுப்பில்) இருந்தார். இப்போது அவருடைய வக்கீல் அனுப்பிய கடிதத்தைப் படித்தால் எங்கள் இரண்டு பேருக்கும் தலை சுற்றுகிறது.

வலி, வேதனைக்குக் கொடுக்கிற இழப்பீடு ஜெனரல் டேமேஜஸ், ரசீது காட்டி வாங்குகிற மருத்துவச் செலவும் வழக்கு முடிவதற்குள் இழந்த சம்பளமும் ஸ்பெஷல் டேமேஜஸ், அதுவரை சரி. ஆனால் கன்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ் (அடிபட்டவரின் சொந்தக் கவனக்குறைவும் ஒரு காரணம்) என்று சொல்லி, மச்சான் மீதும் 20 விழுக்காடு தவறு இருப்பதாக எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனம் எழுதியிருக்கிறது (பச்சை விளக்கில் நேராகப் போனவர் மேல் என்ன தவறோ!). இதற்கு ஒத்துக்கொண்டால் ஆஸ்பத்திரி பில்லிலும் அந்த 20 கழியுமா, வலிக்கான தொகையில் மட்டும்தானா?

அப்புறம், அந்தக் காப்புறுதி நிறுவனத்தின் கடிதத்தின் மேலே விதவுட் பிரெஜுடிஸ் என்று போட்டிருக்கிறது. சமரசப் பேச்சை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது என்பதற்காகத்தான் அப்படிப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நாங்கள் பதில் எழுதும்போதும் அதைப் போட வேண்டுமா?

காயத்துக்கான வழக்கை 3 வருஷத்துக்குள் போட வேண்டும் என்பது தெரியும், அதனால் அவசரம் இல்லை. ஆனால் ஒரே தொகையாக வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு காலில் மறுபடி ஆபரேஷன் என்றால் யார் கட்டுவது? இப்படி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.