முதல் முயல் ஷோ: என்னவெல்லாம் தயார் செய்யணும்?

ஒஹாயோ_அப்பா:
வணக்கம். 11 வயது மகளுக்காக ஒரு ஜோடி ஹாலண்ட் லாப் முயல் வாங்கி, இப்போது குட்டிகளும் வளர்ந்துவிட்டன. அடுத்த மாதம் பக்கத்து கவுண்டியில் ஆர்பா (அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம்) ஷோ. தாயையும், ஐந்து மாத ஆண் குட்டி ஒன்றையும் கொண்டுபோக நினைக்கிறோம். ஊரில் ஆடு வளர்த்த அனுபவம்தான் எனக்கு. முயலைக் குளிப்பாட்டணுமா? ஜட்ஜ் என்ன பார்ப்பார்?

கூண்டுக்காரி:
தம்பி, குளிப்பாட்டவே குளிப்பாட்டாதீர்கள். முயல் பயந்து செத்தாலும் சாகும். கையை லேசாக ஈரப்படுத்தி முதுகில் தடவினால் செத்த முடி கையோடு வந்துவிடும். பவுடர், எண்ணெய், சாயம் எதுவும் ஆகாது.

அழகு அப்புறம். முதலில் ஜட்ஜ் மேஜையிலிருந்து தள்ளுபடி ஆகாமல் இருக்கணும். இடது காதுக்குள் பச்சை குத்திய எண் இருக்கிறதா? இல்லையென்றால் அன்றைக்கே வெளியே. இப்போதே குத்தினால்தான் ஷோவுக்குள் காது ஆறும். குத்தத் தெரிந்தவரைப் பிடித்து, மகளை முயலைத் துண்டில் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து நகம். முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நாலு, மொத்தம் 18. முன்காலின் உள்பக்கம் கொஞ்சம் மேலே, முடிக்குள் ஒளிந்திருக்கும் கட்டைவிரல் நகத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது பிய்ந்து போயிருந்தாலும் தள்ளுபடிதான். வெட்டும்போது நகத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள், ரத்தக்குழாய் தெரியும். கறுப்பு நகத்துக்கு இது இல்லாமல் முடியாது. பல்லையும் பாருங்கள்: மேல்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் இருக்கணும். மூக்கில் வெள்ளைச் சளி இருந்தால் அந்த முயலை வண்டியிலேயே ஏற்றாதீர்கள்.

குட்டிக்கு ஐந்து மாதம் என்கிறீர்கள், ஷோவோ அடுத்த மாதம். அன்றைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தால் அவன் ஜூனியர் இல்லை, சீனியர். பிறந்த தேதியைப் பார்த்து என்ட்ரி போடுங்கள். ஆணா பெண்ணா என்பதையும் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பாருங்கள். சிரிக்காதீர்கள், 'இது பெண்ணாச்சே' என்று ஜட்ஜ் சொல்லி முகம் சிவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாயை எடை போட்டீர்களா? ஹாலண்ட் லாப் நாலு பவுண்டைத் தாண்டக் கூடாது.

நீலக்கண்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டுத் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுபோங்கள். இடம் மாறினால் சில முயல் வாயே வைக்காது. தீனியையும் அந்த வாரம் மாற்ற வேண்டாம். வெயில் நாளென்றால் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று கேரியருக்குள் இருக்கட்டும். முயல் குளிரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது.

2020-ல் தென்மேற்கு மாநிலங்களில் பரவிய ஆர்எச்டிவி-2 என்கிற, முயலைக் கொல்லும் வைரஸ் நோய்க்கு இப்போது தடுப்பூசி இருக்கிறது. மூன்று வாரம் விட்டு இரண்டு ஊசி, அதனால் டாக்டருக்கு இப்போதே போன் போடுங்கள். ஷோவிலிருந்து வந்த முயலை மற்றதோடு சேர்க்காமல் கொஞ்ச நாள் தனியே வையுங்கள்.

ஒஹாயோ_அப்பா:
ரொம்ப நன்றி. தாய் நாலு பவுண்டு இரண்டு அவுன்ஸ்! தீனியைக் குறைத்து இறக்கலாமா? குட்டி மேஜையில் நிற்கவே மாட்டேன் என்கிறான்.

கூண்டுக்காரி:
பட்டினி போட்டு இறக்காதீர்கள், குடல் ஓட்டம் நின்றுவிடும். தாய் வீட்டில் இருக்கட்டும், இந்த ஷோவுக்குக் குட்டி போதும்.

மேஜையில் ஒரு கால்மிதியை விரித்து, மகளைத் தினமும் சாயங்காலம் பழக்கச் சொல்லுங்கள். ஹாலண்ட் லாப் தலையைத் தூக்கி உட்காரணும், முன்பாதம் தரையில் லேசாகப் பட்டால் போதும். தலையை அமுக்கி உட்காரவைத்தால் தலைக்கும் தோளுக்கும் உள்ள அழகெல்லாம் போச்சு. தலைகீழாகத் திருப்பிப் பல்லும் பாதமும் பார்ப்பதையும் பழக்கணும். ஜட்ஜ் முதலில் செய்வது அதைத்தான்.

யூத் பிரிவில் மகள் பேரிலேயே போடுங்கள், 19 வயது நிறையும் வரை அதில் இருக்கலாம். முயலை மேஜைக்கு அவளே தூக்கிப் போகட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

முதல் ஷோவிலேயே 'லெக்' (கிராண்ட் சாம்பியன் பட்டத்துக்குக் கணக்காகும் வெற்றி) வேண்டும் என்று மனசில் வைக்காதீர்கள். அந்த வகுப்பில் குறைந்தது மூன்று பேருடைய ஐந்து முயலாவது இருந்தால்தான் ஜெயித்தாலும் அது கணக்கு. ஜட்ஜ் சத்தமாகச் சொல்லச் சொல்ல பக்கத்தில் ஒருவர் சீட்டில் எழுதுவார். 'தோள் நீளம், பின்பக்கம் உருண்டை' என்கிற மாதிரி ஒரு வரிதான் இருக்கும். அடுத்த ஜோடி சேர்க்கும்போது அது உங்களுக்கு வேண்டும், வாங்காமல் கிளம்பாதீர்கள்.