பைபாஸுக்குத் தமிழில் ஒரு சொல் போதாது

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு வலையில் தளங்களைத் தடுக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் அமைப்புத் திரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான வரிகள் முடிந்துவிட்டன. இரண்டில் மட்டும் கை நின்றுவிட்டது. ஒன்று, வீட்டுப் பொறுப்பாளர் அழுத்தும் பொத்தான்: இந்த ஒரு கருவியை வடிகட்டாதே என்று சொல்வதற்கு. மற்றொன்று எச்சரிக்கை வரி: யாரோ வடிகட்டிக்குள் வராமலே வெளியே போகிறார்கள் என்று காட்டுவதற்கு. ஆங்கிலத்தில் இரண்டும் பைபாஸ்தான். கொடுத்ததற்கும் எடுத்துக்கொண்டதற்கும் ஒரே பெயர்.

சென்ற வாரம் இந்த இழையில் 'தடைமீறல்' என்ற சொல்லுக்கு நல்ல ஆதரவு இருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

திருநகரில் அக்கா வீட்டு ரூட்டரில் வடிகட்டி போட்டுக் கொடுத்தவன் நான்தான். பிளஸ் ஒன் படிக்கும் மருமகனை மனத்தில் வைத்துத்தான் போட்டேன். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அக்கா மகள், ஒருநாள் இரவு குழந்தை பால் குடிக்க மறுக்கிறது என்று தாய்ப்பால் பற்றிய பக்கம் ஒன்றைத் தேடியிருக்கிறாள். திரையில் 'இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது' என்று வந்திருக்கிறது. நான் இறக்கிப் போட்ட தடைப் பட்டியலில் அந்தத் தளத்தை ஆபாசப் பகுதியில் சேர்த்து வைத்திருந்தார்கள். மணி இரண்டு. என்னை எழுப்பத் தயங்கி, தம்பியை எழுப்பியிருக்கிறாள். அவன் அவளுடைய கைப்பேசியில் ஓர் அமைப்பை மாற்றி, அரை நிமிடத்தில் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். மறுநாள் காலை என் மென்பொருள் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தது. 'மீறல்' என்றால் நமக்கு விதிமீறல், வரம்புமீறல் எல்லாம் நினைவுக்கு வரும். தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே எழுதிவைப்பது கலைச்சொல்லுக்கு அழகில்லை.

'தாண்டல்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே யாரும் எதையும் தாண்டவில்லை. பெயரால் தடுக்கும் வடிகட்டி சுவர் அல்ல. வழி சொல்ல மறுக்கும் ஆள். தளத்தின் பெயரைச் சொல்லி அதற்குரிய எண் என்ன என்று கைப்பேசி ரூட்டரிடம் கேட்கிறது. பட்டியலில் இருக்கும் பெயர் என்றால் ரூட்டர் அப்படி ஒன்று இல்லை என்று சாதிக்கிறது, அல்லது 0.0.0.0 என்று ஒரு வெற்று எண்ணைச் சொல்கிறது. அந்தப் பையன் செய்தது வேறு ஆளிடம் வழி கேட்டது, அவ்வளவுதான். 8.8.8.8, 1.1.1.1 என்று ஊருக்கெல்லாம் பொதுவாக வழி சொல்லும் பெயர்வழங்கிகள் இருக்கின்றன.

இதை நான் மறிக்கப் பார்க்காமல் இல்லை. தரவு போய்வரும் எண்ணிட்ட வாசலைத் துறை (port) என்கிறோம். பெயர் கேட்கும் பழைய துறை எண் 53. அதில் வெளியே போகும் கேள்விகளை மடக்கி ரூட்டரிடமே திருப்பிவிடலாம். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் கேள்வியை மறைகுறியாக்கி 853ஆம் துறை வழியே அனுப்பும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது; மருமகன் கை வைத்தது அங்கேதான். அதையும் மூடலாம். ஆனால் அதே 2018இல் தரப்படுத்தப்பட்ட இன்னொரு முறையில் உலாவியே கேள்வியைச் சாதாரண இணையப் பக்கம் போலப் பொதிந்து 443ஆம் துறையில் அனுப்பிவிடுகிறது. வங்கிக்கும் செய்தித்தாளுக்கும் போகிற அதே துறை. அதை மூடினால் வீட்டில் இணையமே இல்லை. தெரிந்த பெயர்வழங்கிகளின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடி மறிக்க வேண்டியதுதான். இவ்வளவும் செய்த பிறகு பையன் வைஃபையை அணைத்துவிட்டு சிம் தரவுக்கு மாறினால் என் பாடு முடிந்தது.

'புறவழி' பற்றி. மதுரைக்காரனிடம் இதைச் சொல்லாதீர்கள். பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் வரை எங்களுக்கு ஒரு பைபாஸ் ரோடு இருக்கிறது. ஊரைத் தவிர்த்துப் போகப் போட்ட சாலை இன்று ஊருக்கு நடுவே நிற்கிறது. அது போகட்டும், புறவழிச்சாலையைப் போடுவது அரசாங்கம். வண்டிக்காரன் தானே போட்டுக்கொள்வதில்லை. எச்சரிக்கை வரிக்கு அது பொருந்தாது.

அதற்கு என் முன்மொழிவு 'சுற்றுவழி'. பழகிய சொல், பழி சுமத்தாத சொல். பொத்தானுக்கு 'திட்டிவாசல்': கோட்டைப் பெருங்கதவு சாத்தியிருக்கும்போது ஆள் மட்டும் குனிந்து போக அதற்குள்ளேயே வைத்த சிறு கதவு. உள்ளே இருப்பவர்தான் திறந்துவிட வேண்டும். வேறென்ன வேண்டும்?

கூடவே மூன்றாவது ஒன்று. விபிஎன் அமைக்கும் மறைவழிக்குச் 'சுரங்கம்' என்று எழுதி வருகிறோம். அதைப் பார்த்தால் நிலக்கரிதான் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் போவது, யானைக் கூட்டம் போய்வரும் சுருங்கை வீதியை ஒட்டித்தான். சுருங்கை என்றால் மேலே மூடிய வழி. யானையே போனாலும் மேலே நிற்பவனுக்கு என்ன போகிறது என்று தெரியாது. விபிஎன்னும் அப்படித்தான்: ஏதோ போகிறது என்று ரூட்டருக்குத் தெரியும், எந்தத் தளத்துக்கு என்று தெரியாது. நம் ஊர்ச் சொல் இருக்க நிலக்கரி எதற்கு?

*

தம்பிக்கு, மேலூரிலிருந்து.

சுற்றுவழி, சுருங்கை இரண்டுக்கும் என் ஒப்புதல் உண்டு. திட்டிவாசலைப் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "யாரை டீச்சர் திட்டினார்கள்?" என்று முதல் வரிசையிலிருந்தே கேள்வி வந்துவிட்டது. இன்னொருத்தி கண்ணேறு கழிக்கும் வாசலா என்றாள். அவள் சொன்னதும் தப்பில்லை, திட்டிக்கு அந்தப் பொருளும் உண்டு. கோட்டைக் கதவை நேரில் பார்த்தவர்கள் வகுப்பில் எவருமில்லை.

தேனி ரோட்டில் பஸ்ஸில் போயிருப்பீர்களே, கானாவிலக்கு என்று டிக்கெட் கேட்பார்கள். பெரிய சாலையிலிருந்து ஒரு வழி பிரிகிற இடத்துக்கு நம் பக்கத்தில் 'விலக்கு' என்றுதானே பெயர். வரிவிலக்கும் விலக்குத்தான். கிளைவழியும் சலுகையும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது கோட்டை எதற்குத் தம்பி?

*

டீச்சருக்கு வணக்கம்.

தோற்றுவிட்டேன். நாற்பது ஆண்டுகளாகக் கானாவிலக்கைக் கடந்து போயும் எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஓர் இடறல். குழு நண்பர் ஒருவர் தனிமடலில் மதுவிலக்கை நினைவூட்டினார். அங்கே விலக்கு என்றால் தடை. இங்கே தடையிலிருந்து விடுதலை. 'இந்தக் கருவிக்கு விலக்கு' என்று மொட்டையாக எழுதினால் இணையமே கிடையாது என்று அக்கா படித்துவிடுவார். இரண்டு நாள் யோசித்ததில், வினை சேர்ந்தால் குழப்பம் போய்விடுகிறது என்று படுகிறது. மதுவிலக்கை அமல்படுத்துவார்கள், யாரும் அளிப்பதில்லை. விலக்கு 'அளித்தால்' அது சலுகைதான். ஆகவே பெயர்ச்சொல்லாகத் தனியே நிறுத்தாமல் இப்படி வைத்திருக்கிறேன்:

பொத்தான்: 'இந்தக் கருவிக்கு விலக்கு அளி'
எச்சரிக்கை: 'இந்தக் கருவி சுற்றுவழியில் செல்கிறது'

எச்சரிக்கை வரிக்குக் கீழேயே பொத்தானையும் வைக்கச் சொல்லி நிரலாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி வீடுகளில் இரவு இரண்டு மணிக்கு அது கைக்கு எட்ட வேண்டும்.

தடுக்கப்பட்ட பக்கத்தில் வரும் வாசகம் இன்னும் பாக்கி. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது தாலுகா அலுவலகம் போல இருக்கிறது என்று மருமகன் சொல்கிறான். உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள் டீச்சர்.