10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரம்: ஜிபிஎஸ்ஸா, ருபீடியமா?

விவாதப் பொருள்: அதிர்வெண் கவுண்டருக்கு (நொடிக்கு எத்தனை அலைவுகள் என்று எண்ணும் கருவி) வெளியிலிருந்து ஆதார அலை, அதாவது ஒப்பிட்டு அளப்பதற்கான சீரான அலை, கொடுப்பதற்கு, ஜிபிஎஸ் வழிநடத்தும் குவார்ட்ஸ் அலையியற்றியே போதுமா, அல்லது ருபீடியம் அணுக்களைக் கொண்டு அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் கருவி வேண்டுமா?

படிகம்: ஜிபிஎஸ் போதும் என்பதே என் நிலைப்பாடு. 1967 முதல் நொடியின் வரையறை சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகளைச் சார்ந்தது. ருபீடியமோ, தன் கலத்தில் நிரப்பிய வாயுவின் அழுத்தத்தாலேயே அதிர்வெண் நகர்ந்துவிடும் இயல்புடையது. வேறொரு தரத்துடன் ஒப்பிட்டுத் திருத்தாமல் அதை நம்ப இயலாது. செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்களுக்கு அந்தத் திருத்தத்தைத் தரைநிலையங்கள் தொடர்ந்து செய்துவருகின்றன.

நொடிமுள்: நீண்ட கால அளவில் நீங்கள் சொல்வது சரி, ஒரு நொடி அளவில் நிலைமை வேறு. ஜிபிஎஸ் ஏற்பி நொடிக்கு ஒன்றாக வெளியிடும் துடிப்பை, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கும் நேர இடைவெளி கவுண்டரின் ஒரு முனையிலும், நல்ல ருபீடியத்தின் துடிப்பை மறு முனையிலும் கொடுத்துப் பாருங்கள். திரையில் எண்கள் மெல்ல ஏறிச் சட்டென்று விழுவதும் மறுபடி ஏறுவதுமாக இருக்கும். ஏற்பி தன் உட்கடிகாரத்தின் விளிம்பில் மட்டுமே துடிப்பை வெளியிட முடியும் என்பதே காரணம். இந்தத் தடுமாற்றம் 20 நானோ நொடி என்று கொண்டால், ஒரு நொடிக்குப் பிழை 10 கோடியில் 2 பங்கு. நாள் முழுவதும் அளந்தால்தான் அது 10 லட்சம் கோடியில் 2 பங்கு என்ற அளவுக்குக் குறையும். இடைப்பட்ட நேரத்தில் உங்கள் அலையின் தரத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மாறாமல் காக்கும் பேழைக்குள் இருக்கும் குவார்ட்ஸ்தான்.

படிகம்: ஆகவேதான் குவார்ட்ஸை ஜிபிஎஸ்ஸைப் பின்பற்றவைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றின் கால மாறிலியை, அதாவது அது எவ்வளவு மெதுவாகத் திருத்துகிறது என்பதை, சில நூறு நொடிகளாக வைக்கிறோம். உங்கள் ருபீடியம் மாதத்துக்கு 10,000 கோடியில் 5 பங்கு நகர்ந்தால், 10 மெகாஹெர்ட்ஸில் அது 0.0005 ஹெர்ட்ஸ். சிறிய அளவுதான்; ஆனால் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

நொடிமுள்: 2016 ஜனவரி 26 அன்று, ஒரு பழைய செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து நீக்கியபோது தவறான தரவு ஒலிபரப்பாகி, பல ஏற்பிகளின் நேரம் சுமார் 13 மைக்ரோ நொடி பிசகியது. கூரைமேல் ஆன்டெனாவை நம்பியிருப்பதன் விலை அது.

படிகம்: அன்று பிழைபட்டது யுடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றும் திருத்த எண், ஜிபிஎஸ் நேரம் பிசகவில்லை. துடிப்பை ஜிபிஎஸ் நேரத்தோடு இணைத்திருந்தவர்களுக்கு அந்தப் பிழை வரவில்லை.

அலைமேடு: இருவரும் உள்ளீட்டு முனையை மறந்துவிட்டீர்கள். 1 வோல்ட் உச்சம் கொண்ட 10 ஹெர்ட்ஸ் சைன் அலை, பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் நொடிக்கு 63 வோல்ட் வேகத்தில்தான் ஏறுகிறது. அதன்மேல் 1 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால், கவுண்டர் தூண்டப்படும் கணம் 16 மைக்ரோ நொடி முன்பின்னாகும். அந்த அளவீட்டில் சீசியத்தையே ஆதாரமாகக் கொடுத்தாலும் கடைசி இலக்கங்களுக்குப் பொருளில்லை. திரை மட்டும் அத்தனை இலக்கங்களையும் கூச்சமின்றிக் காட்டிக்கொண்டிருக்கும்.

நொடிமுள்: உண்மைதான். ஆயினும் 10 ஹெர்ட்ஸை அளப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை; இரண்டு 10 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றிகளை ஒப்பிடுபவர்தான் கேட்பார். அவருக்கு நான் ருபீடியத்தையே பரிந்துரைப்பேன். மாதம் ஒருமுறை ஒரு நாள் முழுக்க ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு அதைத் திருத்திக்கொள்ளலாம்.

படிகம்: அப்படியானால் ஜிபிஎஸ் ஏற்பியை அவர் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். முதலில் அதை வாங்கட்டும். ருபீடியம் தேவையா என்பதை ஒரு மாத அளவீடு பார்த்துவிட்டு முடிவுசெய்யட்டும்.