கொல்லிமலை ரைடு: புல்லட் மட்டுமா, எல்லா வண்டியும் வரலாமா?

சேலம்_சக்கரம்:

நம் குழு புல்லட்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. மழை விட்டதும் கொல்லிமலை ஏறலாம் என்று பேச்சு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, எல்லோருக்கும் ஆசைதான். ராசிபுரத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் சிலரும், நாமக்கல்லில் கேடிஎம் டியூக் ஓட்டும் தம்பிகளும் "நாங்களும் வரலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து குழு இரண்டு கட்சியாகிவிட்டது. வாட்ஸாப்பில் கோபமாக எழுதிவிட்டு அழிப்பதைவிட இங்கே பேசித் தீர்த்துக்கொள்வோம். என் ஓட்டு: வரட்டும். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். கேட்டவர்களையும் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒற்றியூர்_350:

வேண்டாம் என்கிறேன். வீம்புக்குச் சொல்லவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். 1955ல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. ராணுவத்துக்கு 350 புல்லட் தேவைப்பட்டதுதான் அதற்குக் காரணம். அதற்கான தொழிற்சாலை எங்கள் ஊரில் வந்தது. இங்கிலாந்தில் ரெடிச் தொழிற்சாலை மூடிப்போன பிறகும் அந்த வண்டி சாகாமல் இருந்தது எங்கள் ஊர்க் கைகளால்தான். சட்டையில் கிரீஸ் கறையோடு ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது வெறும் பிராண்ட் இல்லை.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. என்னுடையது பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்ப் மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். அது நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷரை இழுத்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டு, அப்புறம்தான் முழு உதை. இதை இன்னொரு புல்லட்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. வழியில் நின்றால் அவர் பையில் என் வண்டிக்கான கிளட்ச் கேபிள் இருக்கும். மற்ற வண்டிக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் முடியும்.

ஆரஞ்சு_390:

அண்ணே, உங்கள் வண்டி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் உங்கள் குழுவுக்குள்ளேயே பொருந்தாது. இன்று ஷோரூமில் இருந்து வரும் புல்லட்டில் கியர் இடது காலில். செல்ஃப் ஸ்டார்ட், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். தீப்பொறிக்கு நேரம் பார்க்கும் கான்டாக்ட் பாயிண்டும் இல்லை, டீகம்ப்ரஷர் லீவரும் இல்லை. இன்ஜினே வேறு: உங்களுடையது 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). புது ஜே சீரிஸ் 72க்கு 85.8, அதோடு அதிர்வைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட். உங்கள் பையில் இருக்கும் சாமானில் எத்தனை அந்த வண்டியில் பொருந்தும்? அவர் உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே திணறுவார். ஆனால் டேங்கில் எழுதியிருப்பதைப் பார்த்து அவரைச் சேர்த்துக்கொள்கிறீர்கள், எங்களை நிறுத்திவைக்கிறீர்கள்.

எங்களைப் பற்றி முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். டியூக்கின் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததும் "ரேஷ் பசங்க". பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை நான் ஆஃப் செய்ததும் கிடையாது, கையுறை இல்லாமல் வண்டியை எடுத்ததும் கிடையாது.

டூஸ்ட்ரோக்_ராசிபுரம்:

கேட்டது நாங்கள்தான், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒற்றியூர் அண்ணன் பிராண்ட் பாசம் பற்றிச் சொன்னார். எங்கள் பாசத்துக்கு கம்பெனியின் துணைகூட இல்லை. ஆர்எக்ஸ் 100 இங்கே வந்தது 1985ல், நின்றுபோனது 1996ல். 98 சிசி, 11 குதிரைத்திறன், வண்டியின் எடையோ சுமார் 100 கிலோ. அந்தக் கணக்குதான் அதன் துள்ளல். புகைக் கட்டுப்பாடு இறுகியதும், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கே கதவு சாத்தியாகிவிட்டது. எங்களை விளம்பரத்தில் காட்டவும் ஆள் இல்லை, ரைடு நடத்திக் கூப்பிடவும் ஆள் இல்லை. பிளாக்கைப் போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி இந்த வண்டியை இத்தனை காலம் ஓடவைத்தது பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறை மெக்கானிக்குகள். அவர்களிடம் காலையில் ஒரு புல்லட் நிற்கும், மதியம் ஒரு ஸ்ப்ளெண்டர் நிற்கும், சாயங்காலம் என் வண்டி. எனக்கு விசுவாசம் அந்தப் பட்டறை மேல்தான்.

ஓசூர்_அப்பாச்சி:

நானும் எழுதலாமா? இரும்புக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிற பெண், சொந்த வண்டி அப்பாச்சி.

எங்கள் ஊர் டிவிஎஸ் தொழிற்சாலையில்தான் பிஎம்டபிள்யூவின் ஜி 310 ஆர் தயாரானது. டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310ம் அதே அடித்தளத்தில் பிறந்த வண்டி. புனே பக்கம் சாகனில் பஜாஜ் ஆட்கள்தான் டியூக்கையும் செய்கிறார்கள், டிரையம்ஃப் 400ஐயும் செய்கிறார்கள். ஹார்லி எக்ஸ் 440ஐ ஹீரோ செய்கிறது. 2024 நவம்பரில் கேடிஎம் கடனில் சிக்கி ஆஸ்திரிய நீதிமன்றத்துக்குப் போனபோது காப்பாற்றப் பணம் போட்டதும் பஜாஜ்தான். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். அதற்காக ஸ்ப்ளெண்டர் வாங்குவதை யாராவது நிறுத்தினார்களா? கம்பெனிகள் தேவைப்பட்டால் சேர்கின்றன, தேவை முடிந்தால் பிரிகின்றன. நாம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டேன் என்று நிற்கிறோம்.

இன்னொன்று. இதை ஆண்கள் யோசிப்பதே இல்லை. ஒரே பிராண்ட் ரைடு என்றால் பெரும்பாலும் பெண்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். கிளாசிக் 350 எடை 195 கிலோ. அதைச் சரிவில் நிறுத்தித் திருப்ப உயரமும் பழக்கமும் வேண்டும். ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களில் பல பேர் ஓட்டுவது வீட்டில் ஏற்கெனவே இருந்த வண்டி. பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே வராதவர்களை "நீ எங்கள் பிராண்ட் இல்லை" என்று தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒற்றியூர்_350:

தங்கச்சி, கடைசியில் சொன்னதை யோசிக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கம்பெனி கணக்கை ஏற்க மாட்டேன். பங்கு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தா வண்டியை நேசிக்கிறோம்? 1994ல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் கம்பெனி கைக்குப் போனது. அந்த நீளமான ஸ்ட்ரோக்கின் சத்தம் அதனால் மாறவில்லை. முதலாளி மாறினாலும் கோயிலுக்குப் போகிறவன் போய்க்கொண்டுதான் இருப்பான்.

ஆரஞ்சு தம்பிக்கு: நான் நிறத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வேகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அந்த வளைவுகளில் அரசு பஸ் திரும்பினால் மொத்த ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத வளைவில் டியூக் 390 உள்பக்கமாகப் புகுந்தால் போக இடம் கிடையாது. என் வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். பின்னால் வருகிறவனுக்குப் பொறுமை போகும். பொறுமை போனால் தப்பு நடக்கும். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

யெஸ்டி_கிளட்ச்:

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜூலை இரண்டாவது ஞாயிறு சர்வதேச ஜாவா யெஸ்டி தினம். அன்றைக்கு ஜாவா, யெஸ்டி மட்டும்தான். கிக்கரை மடக்கினால் அதுவே கியர் லீவர் ஆகிற வண்டி வேறு எது? மைசூர் தொழிற்சாலை 1996ல் மூடியாகிவிட்டது, அந்த ஒரு நாளாவது எங்களுக்கு வேண்டும். மற்ற நாள் யார் கூப்பிட்டாலும் போவோம். திருநாளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குச் சேர்ந்து போங்கள்.

செம்மேடு_மிளகு:

நான் மலைக்காரன், கொல்லிமலை செம்மேடு. இந்தப் பேச்சைப் படித்துக்கொண்டே வந்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் புல்லட்டா, டியூக்கா, ஆர்எக்ஸா என்று இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள். எங்களுக்கு நீங்கள் எல்லோருமே "பைக் பசங்க". ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் ஊருக்குள் வரும் சத்தத்தில் குழந்தைகள் பதறி எழுகிறார்கள். எந்த வண்டி என்று வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்னாசியும் வாழையும் ஏற்றிக்கொண்டு இறங்கும் பிக்கப்புக்கு வளைவில் முழு அகலமும் வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோகிறார். வளைவு நம்பர் எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் எல்லா பிராண்டிலும் இருக்கிறார்கள். உடைந்த பீர் பாட்டிலும் அப்படித்தான்.

யார் வரலாம் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எப்படி வர வேண்டும் என்று நான் கேட்கலாம் இல்லையா? மாற்றிய சைலன்சர் வேண்டாம். ஊருக்குள் மெதுவாக வாருங்கள். குடித்துவிட்டு வராதீர்கள்.

ஒற்றியூர்_350:

முழுதாக ஏற்கிறேன். சைலன்சர் விஷயத்தில் என் குழுக்காரர்களோடு நான் பல காலமாகச் சண்டை போடுகிறேன். கம்பெனி சைலன்சரில் வரும் சத்தம்தான் புல்லட் சத்தம். அதைக் கழற்றிவிட்டுக் காதைக் கிழிக்கும் குழாயை மாட்டுகிறவன் என்ன பாசத்தில் செய்கிறான் என்று எனக்குப் புரிவதே இல்லை.

டூஸ்ட்ரோக்_ராசிபுரம்:

இங்கேதான் எனக்குச் சிக்கல். என் வண்டியில் மாற்றிப் போட்டிருப்பது எக்ஸ்பான்ஷன் சேம்பர், நடுவில் புடைத்த புகைக்குழாய். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு பாகம் மாதிரி. வெளியே போகும் அலை திரும்பி வந்து, போர்ட் வழியாகத் தப்பப் பார்க்கும் புது பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே தள்ளுகிறது. வடிவம் மாறினால் பவர் வரும் ஆர்பிஎம்மே மாறும். வெறும் சத்தத்துக்காகப் போட்டதில்லை. அதை மாற்றச் சொன்னால் ஜெட்டிங்கும், அதாவது கார்புரேட்டர் விடும் பெட்ரோல் அளவும், மாற்ற வேண்டும்.

ஆரஞ்சு_390:

அண்ணே, செம்மேட்டுக் குழந்தைக்கு ஜெட்டிங் தெரியாதே. நான் மலைக்காரர் பக்கமும் ஒற்றியூர் அண்ணன் பக்கமும் நிற்கிறேன். என் நண்பன் டியூக்கில் இருப்பதும் மாற்றிய குழாய்தான். அவன் கம்பெனி குழாயைத் திரும்ப மாட்டினால்தான் கூட்டிவருவேன். அவனிடம் சொல்லியும் விட்டேன்.

ஓசூர்_அப்பாச்சி:

சத்தம் விஷயத்தில் அணி எப்படி மாறிவிட்டது பாருங்கள். சரி, ரைடுக்கு உருப்படியாக ஏதாவது முடிவு செய்வோம். இறங்கும்போது யார் முன்னால்?

ஒற்றியூர்_350:

நான். காரணம், பிரேக் பலவீனமானது என் வண்டியில்தான். முன்னாலும் பின்னாலும் ட்ரம். சூடேறினால் பிடிப்பு விட்டுப்போகும், அதனால் கியரை வைத்துத்தான் இறங்குவேன். என் வேகத்துக்குமேல் யாருக்கும் அவசரம் இருக்கக் கூடாது. எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டே தீர வேண்டும், அது சட்டமும்கூட.

டூஸ்ட்ரோக்_ராசிபுரம்:

இறக்கத்தில் எங்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு, கூட வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் இன்ஜினுக்கு இன்ஜின் பிரேக்கிங் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், ஆயில் வருவது த்ராட்டிலோடு சேர்ந்து. மூடியபடியே நெடுநேரம் இறங்கினால் சிலிண்டருக்கு எண்ணெய் குறைந்து பிஸ்டன் ஜாம் ஆகலாம். அதனால் நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குவோம். பின்னால் வருகிறவர் அதைப் பந்தயத்துக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் அடிக்கடி நிற்கவும் செய்வோம், பிரேக் ஆறட்டும்.

ஒற்றியூர்_350:

நல்லவேளை சொன்னீர்கள். போன வருஷம் ஏற்காட்டில் ஒரு தம்பி இப்படி முறுக்கிக்கொண்டே இறங்கினான், நான் திட்டிவிட்டுப் போனேன். அவன் ஓட்டியதும் டூ ஸ்ட்ரோக்தான்.

ஆரஞ்சு_390:

அப்படியென்றால் நாங்கள் கடைசி. எங்களுக்கு டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கிறது, பொறுத்து வருவோம். டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்பும் என்னிடம் உண்டு. ஆனால் ஸ்போக் வீல்காரர்கள் டியூபும் டயர் லீவரும் எடுத்து வாருங்கள், என் கிட் உங்கள் சக்கரத்துக்கு உதவாது.

சேலம்_சக்கரம்:

அப்போ ரைடு எல்லோருக்கும் திறந்தது என்று எழுதிக்கொள்கிறேன். ஏறும்போது மெதுவான வண்டி முன்னால், இறங்கும்போது ட்ரம் பிரேக் முன்னால். மாற்றிய சைலன்சருக்கு இடமில்லை. புல்லட் குழுவின் ஆண்டுவிழா ரைடு பழையபடி புல்லட் மட்டும். குழுவின் பெயரை மாற்றுவது பற்றியும் பேசலாமா?

ஒற்றியூர்_350:

பெயரில் கைவைத்தால் நான் விலகிவிடுவேன். அதில் பேச்சே இல்லை.

டூஸ்ட்ரோக்_ராசிபுரம்:

பெயர் உங்களுடையது, அண்ணே. எனக்கு இப்போது வேண்டியது வேறு. என் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடக்கிறது. ஆர்எக்ஸ்ஸுக்கு ஸ்டாக் சைலன்சர் நல்ல நிலையில் யாரிடமாவது இருக்கிறதா? கிடைத்தால் மெயின் ஜெட் மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒற்றியூர்_350:

சேலம் செவ்வாய்பேட்டையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பட்டறையில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே சத்தத்தைக் குறைக்கும் பேஃபிளோடு. விற்றுவிட்டாரா என்று கேட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தீர்களென்றால் நானே கூட்டிப்போகிறேன்.