செடிகளின் பழைய லத்தீன் வர்ணனையைப் படிக்க வேண்டும், வேற்றுமையிலேயே நிற்கிறேன்

தும்பைப்பூ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தாவரவியல் முதுகலை முடித்துவிட்டு ஒரு கல்லூரி ஹெர்பேரியத்தில் வேலை பார்க்கிறேன். காய்ந்த செடிகளை ஒட்டிய தாள்களைப் பழைய வர்ணனைகளோடு ஒப்பிட்டுப் பெயர் சரிதானா என்று பார்ப்பதுதான் என் வேலை. புதுச் செடிக்குப் பெயர் வைப்பவர்கள் அதன் வர்ணனையை லத்தீனில் எழுதியே ஆக வேண்டும் என்ற விதி 1935 முதல் இருந்தது. 2012 ஜனவரியிலிருந்துதான் ஆங்கிலமும் போதும் என்றானது. செடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் எழுதியது முழுக்க லத்தீன்தான். ஆக, லத்தீன் இல்லாமல் என் மேசையில் பாதி வேலை நகராது.

எட்டு மாதமாகப் படிக்கிறேன். பேருந்தில் போகும்போது நாமினேட்டிவ், ஜெனிட்டிவ், டேட்டிவ் என்று வேற்றுமை அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போவேன். தாளை எடுத்தால் ஒன்றும் ஓடுவதில்லை. போன வாரம் "ஃப்ளோரிபுஸ் அல்பீஸ்" என்று வந்ததை "வெள்ளைப் பூக்களுக்கு" என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பூக்களுக்கு என்ன? அங்கேயே நின்றுவிட்டேன். உடன் வேலை செய்யும் மூத்தவர் ஒருவர், "இந்த வயதில் இது எதற்கு, கணினியில் போட்டால் மொழிபெயர்த்துத் தருமே" என்றார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நானே படிக்க வேண்டும்.

இரண்டு சந்தேகங்கள் என்னை விடவே மாட்டேன் என்கின்றன. ஃபோலிஸ், ஃப்ளோரிஸ், விரிடிஸ் மூன்றும் "இஸ்" என்றுதான் முடிகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்கிறது என்கிறார்கள், எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அப்புறம், புளியமரம் தாமரிண்டுஸ் இண்டிகா. "உஸ்" என்றால் ஆண்பால் என்றுதானே படித்தேன், பக்கத்தில் "இண்டிகா" என்று பெண்பால் எப்படி வந்தது?

பழைய மணி எழுதியது:

அம்மா, நான் இளவயதில் நான்கு வருடம் குருமடத்தில் இருந்தவன். குருவாகவில்லை, லத்தீன் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. நீங்கள் பட்ட பாட்டை அப்படியே நானும் பட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று செய்யுங்கள். ஆங்கிலம் வழியாக வேற்றுமையைப் படிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபே கிட்டத்தட்ட இல்லை. அதனால் அதன் வழியாகப் படிப்பவர்களுக்கு லத்தீன் வெறும் அட்டவணையாகத் தெரியும். நமக்கு எட்டு வேற்றுமை பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். லத்தீனில் ஆறு. நாமினேட்டிவ் நம் எழுவாய். அக்யூசட்டிவ் இரண்டாவது, "ஐ". டேட்டிவ் நான்காவது, "கு". ஜெனிட்டிவ் ஆறாவது, "அது". வோக்கட்டிவ் விளி. மீதி இருக்கும் மூன்று, ஐந்து, ஏழு, அதாவது ஆல், ஓடு, இலிருந்து, இல், இவை அத்தனையையும் ஒரே வடிவத்தில் சுமப்பதுதான் அப்லேட்டிவ். உங்களைத் தடுக்கி விழவைத்தது இதுதான். பன்மையில் டேட்டிவுக்கும் அப்லேட்டிவுக்கும் ஒரே ஈறு என்பதால் நீங்கள் "பூக்களுக்கு" என்று எடுத்துக்கொண்டீர்கள். செடி வர்ணனையில் இப்படி வந்தால் முதலில் "ஓடு" போட்டுப் பாருங்கள். ஃப்ளோரிபுஸ் அல்பீஸ், வெள்ளைப் பூக்களோடு கூடியது. வாக்கியம் ஓடுகிறதா?

"இஸ்" விஷயத்துக்கு வருகிறேன். இதில் தமிழ் எழுத்தே உங்களுக்குத் துணை. லத்தீனில் குறில் நெடில் உண்டு, ஆனால் சாதாரண அச்சில் அதைக் காட்டமாட்டார்கள். குருமடத்தில் நாங்களும் அதைக் கவனித்ததில்லை, கோயில் உச்சரிப்பு அப்படி. பிற்பாடுதான் அட்டவணை முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். இலை என்பது ஃபோலியும். அது பன்மையில், "ஓடு" பொருளில், ஃபோலியீஸ். ஈறு நெடில். ஃப்ளோரிஸ் குறில், "பூவினுடைய", ஆறாம் வேற்றுமை ஒருமை. விரிடிஸ் குறில்தான், ஆனால் அது பெயரடை, "பச்சையான", எழுவாயோடு நிற்பது. நீங்கள் மூன்றையும் ஒரே மாதிரி எழுதியிருந்தீர்கள். ஒரு பழைய நோட்டு எடுத்து, ஈறுகளை மட்டும் குறில் நெடிலோடு எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள், காது பிரித்துக் கொடுத்துவிடும்.

அகராதியில் ஒரு சொல்லுக்கு இரண்டு வடிவம் இருக்கும்: ஃப்ளோஸ், ஃப்ளோரிஸ். இரண்டாவதையும் சேர்த்தே படியுங்கள். "மரம்" மட்டும் தெரிந்தவனுக்கு "மரத்தை" என்றால் புரியுமா? மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று எல்லாம் "மரத்து" மேல் அல்லவா ஏறி உட்காருகின்றன. அதுபோல ஃப்ளோரெம், ஃப்ளோரே, ஃப்ளோரிபுஸ் எல்லாம் "ஃப்ளோர்" மேல் ஏறுகின்றன.

நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் தொடங்குவது ஒரு செபத்தில். மதம் ஒரு பக்கம் இருக்கட்டும், இலக்கணத்துக்காகப் பாருங்கள். "ஆவே மரியா, க்ராத்தியா ப்ளேனா, தோமினுஸ் தேக்கும்." மரியா விளி. க்ராத்தியா, அருளால், அப்லேட்டிவ், கடைசி "ஆ" நெடில். தேக்கும் என்பது தே, கும் என்ற இரண்டு துண்டு. கும் என்றால் உடன். வழக்கமாகச் சொல்லுக்கு முன்னால் நிற்கும் அந்தக் "கும்" இங்கே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, தமிழ்ச் செபத்தின் "உம்முடனே" போலவே இருக்கிறது. அடுத்து "பெனெதிக்தா தூ இன் முலியெரிபுஸ்", பெண்களுக்குள் நீர் ஆசி பெற்றவர். "எத் பெனெதிக்துஸ் ஃப்ருக்துஸ் வெந்த்ரிஸ் துயீ", உம் வயிற்றின் கனியும் ஆசி பெற்றது. ஃப்ருக்துஸ் என்ற சொல்லை உங்கள் தாள்களில் தினமும் பார்த்திருப்பீர்கள். வெந்த்ரிஸ் உங்கள் ஃப்ளோரிஸ் மாதிரியே குறில், ஆறாம் வேற்றுமை. மரியாவுக்குப் பெனெதிக்தா, ஃப்ருக்துஸுக்குப் பெனெதிக்துஸ். பெயரடை பெயரின் பாலோடு மாறுவதை இரண்டே வரியில் பார்த்துவிட்டீர்கள்.

தமிழ் கைகொடுக்காத இடம் இதுதான். "நல்ல மரம், நல்ல மரங்களில்" என்கிறோம், "நல்ல" அசையாது. அங்கே அதுவும் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் மாறும். அதோடு பால் என்பது ஈற்றைப் பார்த்துச் சொல்வதில்லை, சொல்லோடு கூடப் பிறந்தது. மரங்களின் பெயர்களை ரோமர்கள் பெரும்பாலும் பெண்பாலாகவே வைத்திருந்தார்கள். அரசமரம் ஃபிகுஸ் ரெலிகியோசா என்பதும் அதனால்தான். புளியும் அந்த வழியில் போயிற்று. ஆனால் எல்லா மரமும் அப்படி இல்லை. பனை பொராஸுஸ் ஃப்ளபெல்லிஃபேர், விசிறி தாங்கி, ஆண்பால்.

மருந்துச்சீட்டு எழுதியது:

நான் மருந்தாளுநர். ஐயா சொன்னதற்குப் பிறகு சேர்க்க அதிகம் இல்லை. தும்பைப்பூ அக்கா, சொல்வளத்துக்கு என் வழி இது: ஏற்கெனவே கையில் இருக்கும் சொற்களை உடைத்துப் பார்ப்பது. மருத்துவர் சீட்டில் பி.சி. என்று எழுதுவது போஸ்ட் கிபும், உணவுக்குப் பின். போஸ்ட் வந்தால் அடுத்த சொல் இரண்டாம் வேற்றுமை. எச்.எஸ். என்பது ஹோரா சொம்னீ, உறக்கத்தின் நேரத்தில். பி.டி. என்பது பிஸ் இன் தியே, நாளில் இருமுறை.

உங்களுக்குச் செடிகள் இருக்கின்றன. ஒரு பெயரடையை எடுத்து ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத நியூட்டர் என்று மூன்று பாலிலும் தேடுங்கள். மிளகு பிபெர் நிக்ரும், கருங்கடுகு ப்ராஸிகா நிக்ரா, ஆய்வகத்துக் கரும்பூஞ்சை அஸ்பெர்கில்லுஸ் நிகெர். எள் செசமும் இண்டிகும், வேம்பு அசாடிராக்டா இண்டிகா, நம் யானை எலெஃபாஸ் மாக்ஸிமுஸ் இண்டிகுஸ். இஞ்சி ஏன் ஒஃபிகினாலிஸ் இல்லாமல் ஒஃபிகினாலே என்று வருகிறது என்று யோசித்துப் பாருங்கள், விரிடிஸ் வகைப் பெயரடையும் பிடிபட்டுவிடும்.

தும்பைப்பூ எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இஞ்சி கிடைத்துவிட்டது: ஸிங்கிபெர் லத்தீனில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, நியூட்டர், அதனால் "ஏ". ஈறுகளைத் தமிழில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நெடில் வரும் இடங்களில் சிவப்பு மை.

நேற்று மாலை அரசமரத்துக்கு லின்னேயஸ் எழுதிய வரியை எடுத்தேன்: "ஃபிகுஸ் ஃபோலியீஸ் கோர்தாதீஸ் ஒப்லோங்கீஸ் இந்தெகெரிமீஸ் அகூமினாதீஸ்." முன்பென்றால் ஐந்து "இஸ்"ஸைப் பார்த்ததும் மூடி வைத்திருப்பேன். இப்போது எல்லாம் நெடில், எல்லாம் இலைகளோடு சேர்ந்தவை என்று பார்த்ததும் தெரிந்தது. அகராதி பார்த்து எழுதியது இது: "இதய வடிவான, நீண்ட, விளிம்பு முழுமையான, நுனி கூர்ந்து நீண்ட இலைகளோடு கூடிய ஃபிகுஸ்." பிறகு தாளில் ஒட்டியிருந்த இலையின் வாலைப் பார்த்தேன். அகூமினாதீஸ் என்ற சொல் கண் முன்னால் இருந்தது. சரியா ஐயா?

பழைய மணி எழுதியது:

சரிதான் அம்மா. ஒரே ஒரு இடம். இந்தெகெர் என்றால் முழுமையானது, இந்தெகெரிமுஸ் என்றால் மிக முழுமையானது. "எர்" என்று முடியும் பெயரடை மிகுதியைக் காட்ட "எரிமுஸ்" ஆகும், நிகெர், நிகெரிமுஸ் போல. ஆகவே "விளிம்பு சற்றும் வெட்டுப்படாத" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அரச இலையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால், அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று தெரியும்.

அடுத்த தாளில் "ஃபோலியீஸ் ஃப்ளோரிபுஸ்க்வே" என்று எங்காவது வரும். அந்தக் "க்வே" நம் "உம்" தான், இலைகளோடும் பூக்களோடும். வந்ததும் இங்கே போடுங்கள்.