குட்டை ஆன்டெனா: எஸ்.டபிள்யூ.ஆர். 1.3, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

குட்டைக்கம்பி:
என் அமெச்சூர் ரேடியோவின் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா கால் அலை நீளம் இருக்க வேண்டும், அதாவது பத்தரை மீட்டர். அவ்வளவு உயரம் முடியாது என்று 2.5 மீட்டர் கம்பியை நட்டு, அடியில் ஒரு காயில் (கம்பிச்சுருள்) சுற்றினேன். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் எப்படி என்று காட்டுவது, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3 காட்டுகிறது. எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் வருவதில்லை. விட்டுப்போன எட்டு மீட்டரைக் காயில் ஈடுகட்டிவிடாதா?

செம்புச்சுருள்:
ஈடுகட்டாது. நானும் பல மாதம் அப்படித்தான் நம்பினேன்.

கால் அலைக்குக் குறைந்த கம்பி, கெபாசிட்டர் மாதிரி. கம்பி ஒரு தகடு, தரை இன்னொரு தகடு. மீட்டருக்குச் சுமார் 10 பிகோஃபாரட் வீதம் உங்களுடையது 25. அதன் மின்மறுப்பு கிட்டத்தட்ட 900 ஓம். அதே 900 ஓமை எதிர்ப்பக்கம் தருவது 20 மைக்ரோஹென்றி காயில். இரண்டும் கழிந்து ஒத்ததிர்வு வரும். காயிலின் வேலை அதோடு சரி.

கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியே போகும் சக்திக்கு ஈடான தடை, அப்போதும் 1.4 ஓம்தான். காயிலின் க்யூ (மின்மறுப்பை இழப்புத் தடையால் வகுத்த எண்) 200 என்றால் அதிலேயே 4.5 ஓம் போகும். ரேடியோ எதிர்பார்ப்பது 50 ஓம். 1.3 காட்ட மொத்தம் 40 ஓமாவது வேண்டுமே, மிச்சம் எங்கிருந்து வந்தது? தரையிலிருந்து! 100 வாட் கொடுத்தால் மூன்றரை வாட்தான் வெளியே போகும், மற்றதெல்லாம் சூடு.

ஆன்டெனாவின் அடியிலிருந்து நாலாபக்கமும் தரையில் ரேடியல் கம்பிகளை விரித்தபோது என் மீட்டர் 1.4-இலிருந்து 2.2-க்கு ஏறியது. கெடுத்துவிட்டேன் என்று பயந்து பாதியைப் பிடுங்கிவிட்டேன். தரையின் இழப்பு குறைந்ததால்தான் ஏறியது என்பது அப்புறம்தான் புரிந்தது. அடியில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் 50 ஓமுக்குக் கொண்டுவந்துவிடலாம். ரேடியலைக் குறைக்காதீர்கள்.

அலைமானி:
உச்சியில் ஆரக்கால் போல நாலு கம்பி கட்டிப் பாருங்கள். மேலே மின்தேக்குத்திறன் கூடினால் காயிலில் சுற்று குறையும், கம்பி நெடுக மின்னோட்டமும் மெலியாமல் ஓடும். என் காயிலில் 9 சுற்று கழற்றினேன்.

குட்டைக்கம்பி:
காயிலை நடுவில் வைத்தால்?

செம்புச்சுருள்:
நல்லதுதான். காயிலுக்குக் கீழே மின்னோட்டம் குறையாது, கதிர்வீச்சுத் தடை ஏறும். ஆனால் மேலே மிஞ்சுவது குட்டைத் துண்டு, அதன் மின்தேக்குத்திறன் இன்னும் குறைவு. ஆகவே சுற்று அதிகம் வேண்டும், இழப்பும் கொஞ்சம் கூடும். முதலில் ரேடியல் போடுங்கள்.

குட்டைக்கம்பி:
16 ரேடியல் போட்டேன். மீட்டர் 1.9. இன்று முதல் தடவையாக ஒருவர் பதில் சொன்னார்!