ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் 90.4 நிற்கவில்லை, எஃப்எம்மில் ராக் கேட்க இந்தக் கரையில் என்ன வழி?

கரையோரம்

காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. ஆன்டெனா, காரோடு வந்த கூரை ராடுதான். மதுரைக்குள் 93.5, 98.3 இரண்டும் தேடலில் தானாக நிற்கின்றன. 106.4 மட்டும் நிற்பதில்லை. கையால் நகர்த்தினால் 106.3, அடுத்து 106.5 என்று தாவுகிறது. இரண்டிலும் 'ஸ' ஒலி வரும் இடமெல்லாம் கரகரப்பு. பாம்பனில் கடல் ஓசை 90.4-க்கும் இதே கதி. ஆனால் வீட்டில் இருக்கும் பழைய முள் ரேடியோவில் 90.4 சுத்தமாகக் கேட்கிறது.

இன்னொரு சந்தேகம். பெங்களூரிலும் சென்னையிலும் எஃப்எம்மைத் திருப்பினால் ஆங்கிலப் பாட்டுக்கு ஏதாவது ஒரு நிலையம் இருந்தது, நடுநடுவே ராக் வரும். மண்டபத்தில் இந்தியப் பக்கம் அப்படி ஒன்றுமே இல்லை. சில ராத்திரி இலங்கை ஆங்கில நிலையங்கள் உள்ளூர் போல வருகின்றன. விடிந்து வெயில் ஏறினால் காணோம். மாடியில் ஆன்டெனா போட்டால் நிலையாகக் கிடைக்குமா? எந்தத் திசை? பூஸ்டர் வாங்கலாமா?

கீழக்கரை டியூனர்

தம்பி, ஆன்டெனாவை அப்புறம் பார்ப்போம். முதல் கேள்விக்கு விடை நீங்கள் எழுதிய எண்களிலேயே இருக்கிறது. 93.5, 98.3 நிற்கிறது, 90.4, 106.4 நிற்கவில்லை. புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை இருந்தால் வருகிறது, இரட்டைப்படை இருந்தால் வரவில்லை. ஸ்டீரியோவில் ரேடியோ ரீஜன், அதாவது எந்த நாட்டு எஃப்எம் முறை என்ற அமைப்பு, அமெரிக்கா என்று இருக்கிறது.

அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டும்தான் அமைகின்றன. லாஸ் ஏஞ்சலீஸ் ராக் நிலையம் கேஎல்ஓஎஸ் 95.5, ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூஎம்எம்ஆர் 93.3, இப்படி. அதனால் அந்த ரீஜனில் இருக்கும் ரேடியோ 90.3-லிருந்து நேராக 90.5-க்குப் போய்விடும். உண்மையான அலை நடுவில் 90.4-ல் நிற்கிறது, நீங்கள் கேட்பது அதன் ஓரத்தை. எஃப்எம்மில் ஒலி ஏறும்போது அலைவரிசை இரு பக்கமும் விரியும். ஒரு பக்க விரிவை ரேடியோவின் ஃபில்டர் வெட்டிவிடுவதால்தான் 'ஸ'வும் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலியும் கிழிகின்றன. முள் ரேடியோவுக்குப் படிக்கணக்கு கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

மாற்றும் வழி: செட்டிங்ஸ், ஃபேக்டரி செட்டிங்ஸ், ரேடியோ, ரீஜன். பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலான செட்களில் 8888, 3368, 126 இவற்றில் ஒன்று வேலை செய்யும். 'ஐரோப்பா' அல்லது 'ஆசியா' போட்டு, செட்டை அணைத்து ஏற்றுங்கள். சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்துவிடும், மறுபடி தேடவிட வேண்டும். 'ஜப்பான்' மட்டும் போட வேண்டாம். பட்டை 76-ல் தொடங்கும், மேல் பாதி கிடைக்காமல் போகும். ஃபேக்டரி பக்கத்தில் ரேடியோவைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். கேன்-பஸ் (காரோடு ஸ்டீரியோ பேசும் இணைப்பு) வரியை மாற்றினால் ஸ்டீயரிங் பட்டன் போய்விடும்.

ராக் கேட்பவருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. நிலையம் தூக்கி அனுப்பும் உச்ச ஒலியை ரேடியோ திரும்ப இறக்குவதற்கு டீ-எம்ஃபசிஸ் என்று பெயர்; அமெரிக்க ரீஜனில் அதன் அளவு 75 மைக்ரோ விநாடி. நம் ஊரிலும் இலங்கையிலும் அனுப்புவது 50-க்கு. 75-ல் வைத்துக் கேட்டால் உச்ச ஒலி அடங்கி, சிம்பலும் கிட்டார் நரம்பின் கூர்மையும் மழுங்கும். பல செட்களில் ரீஜனை மாற்றினாலே இதுவும் சேர்ந்து மாறிவிடும்.

கரையோரம்

பார்த்தேன், 'அமெரிக்கா 1' என்றுதான் இருந்தது. ஐரோப்பாவுக்கு மாற்றியதும் 90.4 தானாக நின்றது, கரகரப்பு போய்விட்டது. ரொம்ப நன்றி கீழக்கரைக் காக்கா (அண்ணன்). இரண்டாவது சந்தேகத்துக்கும் யாராவது சொல்லுங்கள்.

டைபோல்

ஊருக்கு ஊர் நிலையம் ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஆன்டெனாவை எங்கே திருப்புவது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தியாவில் தனியார் எஃப்எம் உரிமம் ஊர்வாரியாக ஏலம் போகிறது. ஊர்களை மக்கள்தொகைப்படி ஏ பிளஸ், ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கிறார்கள். சென்னை ஏ பிளஸ். ஒரே ஊருக்குள் நிலையங்களுக்கு இடையே 800 கிலோஹெர்ட்ஸ் விட்டுத்தான் ஒதுக்கினார்கள். அதனால் பெருநகரத்திலும் நிலையங்கள் சில மட்டுமே, ஏலத் தொகை பெரிது. பணம் கட்டியவர் விளம்பரம் வரும் பாட்டைத்தான் போடுவார். தமிழ்நாட்டில் அது சினிமாப் பாட்டு. ஆங்கிலத்துக்கு விளம்பரம் திரளும் ஊர்களில்தான் ஒருவர் துணிகிறார்: பெங்களூரில் இண்டிகோ 91.9, டெல்லியில் ஹிட் 95. சென்னையில் 104.8 ஆங்கிலம் பேசியது. ஆகாசவாணியின் ரெயின்போ 101.4-ம் உண்டு. இவை எதுவுமே முழு ராக் நிலையம் இல்லை. ராக் அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அமெரிக்க நகரங்களில் கிளாசிக் ராக், ஆல்டர்நேட்டிவ் என்று தனித்தனி நிலையம் பிழைப்பதற்குக் காரணம், அங்கே ஒரு நகரத்துக்கு நம்மைவிடப் பல மடங்கு நிலையங்கள். பொதுவானதைப் போட்டால் கூட்டத்தில் காணாமல் போவார்கள், அதனால் ஒரு ரகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் நகராட்சி 61 ஆயிரம் பேர், ராமேசுவரம் 45 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டி பிரிவே ஒரு லட்சத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே நம் கரையில் தனியார் ராக் நிலையத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை. 90.4 சமுதாய வானொலி. மீனவர்களுக்கு வானிலையும் கடல் செய்தியும் சொல்வது அதன் வேலை, அதை அது நன்றாகவே செய்கிறது.

இனி தூரம். எஃப்எம் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் எல்லை வரைதான் போகும். கணக்கு எளிது: இரு ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 100 மீட்டர் கோபுரம், உங்கள் மாடி 10 மீட்டர் என்றால் 54 கி.மீ. மதுரை உங்களுக்கு 130 கி.மீ.க்கு அப்பால், அதனால் மதுரை நிலையங்களை மறந்துவிடலாம். கொடைக்கானல் 100.5 வேறு கதை. மலை 2,100 மீட்டர், கணக்குப்படி 200 கி.மீ. எட்டும், மண்டபம் சற்றேறக்குறைய அதே விளிம்பில் இருக்கிறது. மேற்கு-வடமேற்கே திருப்பிய ஆன்டெனாவில் வரும், ராக் இருக்காது. ஆனால் ஆன்டெனாவைச் சோதிக்க அதுதான் நல்ல அளவுகோல், ஏனென்றால் எல்லா நாளும் இருக்கும்.

பாம்பன் வாடை

இலங்கை ஸ்டேஷனைப் பத்தி நான் சொல்றேன். யாழ்ப்பாணம் மண்டபத்துக்குக் கிழக்கு-வடகிழக்கே, நூறு கிலோமீட்டர் சொச்சம். கொக்காவில் கோபுரம் நேர் கிழக்கே, 140 கிட்ட. 174 மீட்டர் உயரம், 2011-ல திறந்தது. கொழும்பு தெற்கு-தென்கிழக்கே 270. மத்திய மலைநாட்டு ரிலே (மறு ஒலிபரப்பு) கோபுரம் எல்லாம் தென்கிழக்கே, முந்நூறு கிலோமீட்டர் வாக்குல. டைபோல் அண்ணன் சொன்ன கணக்குல இது எதுவுமே எட்டாது. எட்டுறதுக்குக் காரணம் கடல்.

காத்து விழுந்து அமைதியான நாள்ல, கரையில சூடான வறண்ட காத்து கடல் மேல படிஞ்சிருக்கிற ஈரக் குளிர்ந்த காத்துக்கு மேல ஏறி உக்காந்துக்கும். மேல சூடு, கீழ குளிர்ச்சி. அந்த அடுக்கு அலையை மேல போகவிடாம கீழ வளைக்கும், கடல் மட்டத்தோட ஒட்டியே ரொம்ப தூரம் ஓடிவரும். வெயில் ஏறி கரைக்காத்து கலங்கினா அடுக்கு உடைஞ்சிரும், ஸ்டேஷனும் போயிரும். பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரை ராத்திரியும் விடிகாலையும் நல்ல நேரம். கச்சான் (மேல்காத்து) பலமா வீசுற மாசத்துல காத்து கலக்கிக்கிட்டே இருக்கும், நம்பி உக்கார முடியாது.

எந்தக் கரையில இருக்கீங்கங்கிறதும் முக்கியம். தொண்டி, தேவிபட்டினம் பாக் நீரிணைப் பக்கம், அங்க யாழ்ப்பாணம் சாயும். கீழக்கரை, ஏர்வாடி மன்னார் வளைகுடாப் பக்கம், கொழும்பு வரைக்கும் பெரும்பாலும் தண்ணி மேலயே பாதை. மண்டபம் ரெண்டுக்கும் நடுவுல, அது உங்க அதிர்ஷ்டம். ஆங்கிலத்துல யெஸ், கோல்டு, கிஸ், சன் இதெல்லாம் தேடுங்க. பழைய ராக்குக்குக் கோல்டு. கொழும்பு டிஎன்எல் 'ராக்ஸ்'ங்கிற பேரையே சேர்த்து ஓடின ஸ்டேஷன். நம்பரை மனப்பாடம் பண்ணிக்காதீங்க. ஒரே ஸ்டேஷன் அங்க பகுதிக்குப் பகுதி வேற நம்பர்ல வரும். ஆர்டிஎஸ் (ஒலியோட சேர்ந்து வர்ற எழுத்து) இருந்தா ரேடியோ திரையில பேர் ஓடும், இல்லன்னா மணி அடிக்கிற நேரம் பேர் சொல்லுவாங்க.

ரெண்டு ஸ்டேஷன் ஒரே நம்பர்ல மோதினா எஃப்எம்ல கலவையா கேக்காது, பலமானது மத்ததை அமுக்கிரும். பாட்டு நடுவுல திடீர்னு சினிமாப் பாட்டுக்குத் தாவினா ரேடியோ கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேணாம்.

கரையோரம்

அப்படியானால் தென்கிழக்கே பார்த்து ஒன்று போடுகிறேன். அளவு சொல்லுங்கள். ஊரில் டிவி ஆன்டெனா பூஸ்டர் கிடைக்கிறது, அதையும் சேர்க்கவா?

டைபோல்

முதலில் ஒற்றை டைபோல் (இரண்டு குழாயை நேர்கோட்டில் வைக்கும் ஆன்டெனா) போட்டுப் பாருங்கள், செலவு குறைவு. மொத்த நீளம் மீட்டரில், 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது. 98-க்கு 1.46 மீட்டர்; ஆளுக்கு 72 செ.மீ.யாக இரண்டு அலுமினியக் குழாய், 10 அல்லது 12 மி.மீ. தடிமன். நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒரு பிவிசி துண்டில் பொருத்துங்கள். கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6 போதும்: நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, வலை மற்றதுக்கு. பொருத்திய இடத்துக்குக் கீழேயே கேபிளை 12 செ.மீ. வட்டத்தில் ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் மேலுறையே ஆன்டெனாவாகி, வீட்டு எல்இடி பல்பு, சார்ஜர் இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும்.

பலர் செய்யும் பிழை: கடையில் கிடைக்கும் 300-75 பாலனை (300 ஓம் ஆன்டெனாவை 75 ஓம் கேபிளுக்குப் பொருத்தும் சிறு டப்பா) இந்த நேர் டைபோலில் மாட்டுவது. நேர் டைபோலே 73 ஓம்தான், பாலன் தேவையில்லை. முனைகளை மடக்கி நீள் வளையமாக்கிய தனி மடக்கு டைபோலுக்குத்தான் அது.

போதவில்லை என்றால் மூன்று கம்பி யாகி, அதாவது ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஆன்டெனா. பின் கம்பி 1.52 மீட்டர், நடு டைபோல் 1.44, முன் கம்பி 1.36. பின்னிலிருந்து நடுவுக்கு 60 செ.மீ., நடுவிலிருந்து முன்னுக்கு 45 முதல் 50. நடுக்கம்பியை மடக்கு டைபோலாகச் செய்யுங்கள். மூன்று கம்பி சேரும்போது அதன் ஓம் 100 பக்கம் இறங்கிவிடும், ஆர்ஜி-6 நேரே பொருந்தும். குட்டைக் கம்பி இலங்கையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு வரவில்லை என்பவர்கள் நிறையப் பேர். கம்பிகளைப் படுக்கையாக ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை வைத்துக் கேளுங்கள். அலையைப் படுக்கையாக அனுப்புவதா, நிமிர்த்தி அனுப்புவதா என்பது நிலையத்துக்கு நிலையம் வேறு.

பூஸ்டர் வேண்டாம். 100 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-6 நூறு மீட்டருக்கு ஆறேழு டெசிபல்தான் தின்னும். 20 மீட்டருக்கு ஒன்றரை கூட இல்லை. பூஸ்டர் பட்டை முழுவதையும் தூக்கும். பக்கத்தில் இருக்கும் நிலையம் அதை நிரப்பி, பல இடங்களில் அதே குரல் போலியாக முளைக்கும்.

கீழக்கரை டியூனர்

பூஸ்டர் விஷயத்தில் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து. கேபிள் 40 மீட்டரைத் தாண்டினாலோ, ஒரே ஆன்டெனாவை மூன்று ரேடியோவுக்குப் பிரித்தாலோ, ஆன்டெனா அருகிலேயே மாட்டும் குறைந்த இரைச்சல் எஃப்எம் பூஸ்டர் உதவும். ரேடியோ பக்கம் மாட்டுவதில் பயனில்லை, ஏற்கெனவே ஏறிய இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். தம்பியின் வீட்டுக்கு இது தேவைப்படாது.

செலவில்லாத வழி ஒன்று: ரேடியோவில் மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு மோனோவைவிட ஏறக்குறைய 20 டெசிபல் சுத்தமான சிக்னல் வேண்டும். இரைச்சலோடு வரும் இலங்கை நிலையம் மோனோவில் பளிச்சென்று தெளியும். காரில் கேட்கும்போது டேஷ்கேம், மலிவு யூஎஸ்பி சார்ஜர் இரண்டையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

எல்லா நாளும் ராக் வேண்டும் என்றால் காற்றை நம்ப முடியாது, இணையம்தான். 128 கிலோபிட் ஓட்டம் மணிக்கு 58 எம்பி, 64 என்றால் அதில் பாதி. சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி 90.3 போன்ற நிலையங்களை அப்படிக் கேட்கலாம்.

பாம்பன் வாடை

ஒண்ணு விட்டுப்போச்சு. நம்ம ஊர் உப்புக்காத்துல செம்புக் கம்பியும் அலுமினியமும் தொடுற இடம் ஒரு மழைக்காலத்துக்குள்ள பூத்து அரிச்சுரும். ஸ்டேஷன் மெல்ல மெல்ல மங்கும், ஆளுங்க திசையைத் திருப்பிக்கிட்டே இருப்பாங்க. கம்பியை நேரா சுத்தாம, ஈயம் பூசின லக் (கம்பி முனையில மாட்டுற வளையம்) போட்டு எஸ்எஸ் போல்ட்டால முறுக்குங்க. மேல கிரீஸ் தடவி, தன்னால ஒட்டுற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தி, அதுக்கு மேல சாதா இன்சுலேஷன் டேப். கேபிள் முனையில போடுற எஃப் கனெக்டர் முறுக்குறது வேணாம், அழுத்துற வகை போடுங்க. கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு விடுங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிரும்.

ஆன்டெனா நிக்கிற ஜிஐ பைப்புக்கு எர்த் குடுங்க. இடி வந்தா கேபிளை ரேடியோவுல இருந்து கழட்டி வச்சிருங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தா பைப்போட இறக்கிருங்க. அதுக்காகவே அடியில ரெண்டு போல்ட்ல மடக்குற மாதிரி போடுறது நல்லது.